நுளம்புத்திரிக்குப் பக்கத்தில் நீலப்பேனை: கல்லடியில் ஒரு பலசரக்குக் கடை

கல்லடிப் பாலம் கடந்து கல்முனைப் பக்கம் போகிற பிரதான வீதியில், கடற்கரைப் பக்கமாக, பேர்ப்பலகையில் பாதி எழுத்து உரிந்துபோன ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. வாசலில் வாழைக்குலை, தேங்காய்க் குவியல், காஸ் சிலிண்டர். உள்ளே போனால்தான் வித்தியாசம். சவர்க்காரம் ஒரு தட்டில், மா வகை ஒரு தட்டில் என்ற வழக்கமான ஒழுங்கு அங்கே பாதிதான். மற்றப் பாதியில், நுளம்புத்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நீலப்பேனை. சட்டித் தயிர் அடுக்கிய மேசையின் மூலையில் பற்தூரிகை. கற்பூரப் பக்கெற்றுக்கு மேலே சம்போ சரம் தொங்குகிறது.

நான் உயர்தரத்துக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவள். மட்டக்களப்பில் நான் சாமான் வாங்கிய கடைகளில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். விலைக்காக அல்ல. மனிதர்கள் எதை எதோடு வாங்குகிறார்கள் என்பதை ஒருவர் இவ்வளவு பொறுமையாகவும் நேர்மையாகவும் கவனிப்பதை நான் வேறெங்கும் காணவில்லை.

"இதென்ன முதலாளி, பேனையை இஞ்ச வெச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ரெண்டும் சோடி டீச்சர். திரிக்கு வாற பொடியன் பேனையும் கேப்பான். ஏனெண்டு எனக்கு மறுகாதான் விளங்கினது."

கல்லாவுக்குக் கீழே இரண்டு சீஆர் கொப்பி வைத்திருக்கிறார். ஒன்று கடன் கொப்பி. மற்றதைத்தான் நான் சொல்ல வந்தேன். இரட்டைப் பக்கம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, மேலே நாற்பது சாமான், இடப்பக்கம் அதே நாற்பது சாமான். ஒரே ஆள் ஒரே தடவையில் இரண்டையும் வாங்கினால், அவை சந்திக்கிற கட்டத்தில் ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. பருப்போடு வெங்காயம், அரிசி மாவோடு தேங்காய் போன்ற சோடிகளைக் கறுப்பு மையால் அடைத்துவிட்டார், அதை எண்ணி என்ன பயன் என்று. பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எத்தனை பேர் வாங்கினார்கள், மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு.

அந்த ஓரக் கணக்கைக் கண்டுதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. சீனியும் மெழுகுதிரியும் அடிக்கடி ஒன்றாகப் போவதில் ஒன்றுமில்லை, சீனியை எல்லாரும்தானே வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது தற்செயலாக வரக்கூடிய அளவைவிட எவ்வளவு கூட என்பதை. உதாரணத்துக்கு, 200 பேர் வருகிறார்கள், 40 பேர் திரி வாங்குகிறார்கள், 30 பேர் பேனை வாங்குகிறார்கள் என்று வையுங்கள். திரி வாங்குவது ஐந்தில் ஒருவர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் பேனை வாங்குகிற 30 பேரிலும் ஐந்தில் ஒருவர், ஏறக்குறைய 6 பேர்தான், இரண்டையும் வாங்க வேண்டும். 15 பேர் வாங்கினால் அது இரண்டரை மடங்கு. தரவு ஆய்வாளர்கள் இந்த மடங்கை 'லிஃப்ட்' என்பார்கள். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இருந்த ராகேஷ் அக்ரவாலும் இன்னும் இருவரும் 1993இல் வெளியிட்ட கட்டுரையோடுதான் கணினியில் இப்படிச் சோடி தேடுகிற முறை பரவியது. முதலாளி அதைப் படித்தவரல்ல. "சீனிக்கு எல்லாச் சாமானும் சொந்தக்காரன், அவனைச் சாட்சிக்குக் கூப்பிடேலா" என்று சொல்லி அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இனி பேனைக்கும் திரிக்கும் வருகிறேன். முதலில் அவர் நினைத்தது மாரிக்காலத்தை. மழை வந்தால் நுளம்பு, தவணை தொடங்கினால் பேனை, இரண்டும் ஜனவரியில் சந்திக்கின்றன என்று. ஆனால் கொப்பியில் கோடுகள் நெருங்கிக் கிடந்தது ஆவணியில். மட்டக்களப்பில் ஆவணி மாதம் காய்ந்து கிடக்கும், நுளம்பும் குறைவு. பிறகுதான் பிடிபட்டது: அப்போது உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் விறாந்தையில் மேசை போட்டு இரவிரவாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அந்தச் சோடி.

இதோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல ஊகம், அவ்வளவுதான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை இடம்மாறத் தொடங்கியது. 2020இன் உயர்தரம் ஒக்டோபரில் நடந்தது. 2021க்குரியது 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022க்குரியது 2023 ஜனவரியில். முதலாளியின் கொப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஓகஸ்டில் இருந்த கோடுகள் மெலிந்து, பரீட்சை போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போயிருக்கின்றன. காரணம் பருவமா பரீட்சையா என்று பிரித்துக் காட்ட ஒரு ஆய்வாளர் ஆசைப்பட்டாலும் ஒரு நாட்டின் பரீட்சையைத் தள்ளிவைக்க முடியாது. இங்கே காலமே தள்ளிவைத்தது, அதைக் கணக்கெடுக்க ஒருவர் கொப்பியோடு இருந்தார். என் வகுப்பில் நான் இப்போது நடத்துகிற முதல் உதாரணம் இதுதான்.

மற்றச் சோடிகள் இவ்வளவு பாடுபடுத்தவில்லை. தயிரோடு பற்தூரிகை வாங்குகிறவர்கள் கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறவர்கள். சொந்தக்காரருக்குச் சட்டி, தங்களுக்கு வீட்டில் மறந்துவிட்டு வந்த தூரிகை. டோர்ச் பட்டரியோடு தேயிலைத்தூள் வாங்குகிறவர்கள் இரவில் தொழிலுக்குப் போகிற மீன்பிடிகாரர். கற்பூரமும் சம்போவும் வெள்ளிக்கிழமையின் பிள்ளைகள்: அன்று தலைமுழுக்கும் உண்டு, கோயிலும் உண்டு. கற்பூரம் சம்போவை இழுக்கவில்லை, சம்போ கற்பூரத்தை இழுக்கவில்லை, இரண்டையும் கிழமை இழுக்கிறது.

இதைப் படிப்பிக்கும்போது சொக்கலேற் கதையையும் சொல்வேன். 2012இல் பிரான்ஸ் மெசர்லி என்ற மருத்துவர் 23 நாடுகளை எடுத்து, தலைக்குச் சாப்பிடுகிற சொக்கலேற்றையும் சனத்தொகைக்கேற்ற நோபல் பரிசுகளையும் ஒப்பிட்டார். இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டுகிற இணைபுக் குணகம் 0.791, முழுப் பொருத்தம் என்றால் 1. பிள்ளைகள் உடனே சொக்கலேற் கேட்பார்கள். பணக்கார நாட்டில் சொக்கலேற்றும் கூட, ஆய்வுகூடமும் கூட என்று விளங்கவைக்க, திரும்பக் கல்லடிக் கடையின் வெள்ளிக்கிழமைக்குத்தான் வருவேன்.

எல்லாச் சோடிக்கும் காரணம் இருக்காது என்பதும் இவருக்குத் தெரியும். நாற்பது சாமானில் 780 சோடி. சம்பந்தமில்லாத சோடிகளில் நூற்றுக்கு ஐந்து தற்செயலாகத் தப்பிவர விடுகிற வழக்கமான அளவை வைத்துச் சோதித்தால், ஒரு சம்பந்தமும் இல்லாமலே ஏறக்குறைய 39 சோடி 'கண்டுபிடிப்பு' மாதிரி வந்து நிற்கும். ஒருகாலம் மல்லித்தூளும் பென்சிலும் அப்படி நின்றன. கோடுகள் மளமளவென்று ஏறின. முதலாளி தட்டை மாற்றவில்லை. ஒரு கொப்பியில் கண்டதை அடுத்த கொப்பியிலும் காணாமல் எதையும் நகர்த்துவதில்லை என்பது அவருடைய சட்டம். அடுத்த கொப்பியில் மல்லித்தூள் ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம். பழைய கட்டத்தின் மேலே "சும்மா வந்தது" என்று எழுதி வைத்திருக்கிறார்.

பியரும் டயப்பரும் என்ற பேர்போன கதையை அவருக்குச் சொன்னேன். 1992இல் அமெரிக்காவில் ஒஸ்கோ என்ற மருந்துக்கடைத் தொடரின் ஏறக்குறைய 25 கடைகளில் 12 லட்சம் பில்களை ஒரு குழு அலசியது. பின்னேரம் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் பியரும் பிள்ளைகளின் டயப்பரும் ஒன்றாகப் போவது தெரிந்தது. இளம் தகப்பன்மார், வேலைவிட்டு வரும் வழி என்ற விளக்கமெல்லாம் பிறகு கதை சொல்கிறவர்கள் சேர்த்தது. கடைக்காரர் தட்டைக்கூட மாற்றவில்லை. முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த கொப்பியும் பார்த்தாங்களோ?"

தாழமுக்கம் என்று ரேடியோ சொல்கிற நாட்களில் இந்தக் கடையின் அருமை கூடத் தெரியும். 2004இல் ஃபிரான்சஸ் என்ற புயல் வரும்முன் வால்மார்ட் நிறுவனம் பழைய விற்பனையைப் பார்த்து, ஸ்ட்ரோபெரி பொப்-டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் புயலுக்கு முன் ஏழு மடங்கு விற்கும் என்று கண்டு லொறியில் ஏற்றியது. சமைக்கத் தேவையில்லை, பழுதாகாது. எங்கள் கடையில் அந்த இடம் காட்ஸ் கட்டுக்கு. மின்சாரம் போகும், பிள்ளைகள் வீட்டுக்குள், தோணி இறங்காது. மெழுகுதிரிப் பெட்டிக்குப் பக்கத்தில் காட்ஸ் கட்டும், அதற்குக் கீழே நெத்தலிக் கருவாடும் அன்று காலையிலேயே வந்துவிடும். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைக் கண்ட ஊர் இது, எச்சரிக்கை என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடி வருவோம். அந்த நெரிசலில் தேடி அலையாமல் எல்லாம் ஒரே இடத்தில் கைக்கு வருவது சின்ன உதவியல்ல. அந்த நாட்களில் ஒரு சதமும் கூட்டி விற்றதை நான் காணவில்லை.

நான் ஆகக் கூடுதலாக மதிக்கிற விடயம் இன்னொன்று. அந்தச் சோடிக் கொப்பியில் ஒரு மனிதரின் பேர்கூட இல்லை. கடன் கொப்பியில் பேரும் தொகையும் இருக்கும், சாமான் இருக்காது. இதில் சாமான் இருக்கும், பேர் இருக்காது. இரண்டையும் ஒருநாளும் சேர்ப்பதில்லை. 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மிகல் கொசின்ஸ்கியும் கூட்டாளிகளும் 58,000க்கு மேற்பட்டவர்களின் முகநூல் விருப்பங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். சுருள் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு விருப்பம் போட்டவர்கள் நுண்ணறிவுச் சோதனையில் கூடப் புள்ளி எடுப்பவர்களாக இருந்தார்கள் என்பதைத்தான் எல்லாரும் சிரித்துப் பகிர்ந்தார்கள். அதே ஆய்வில், கிறிஸ்தவரா முஸ்லிமா என்பதை நூற்றுக்கு 82 தடவையும், அமெரிக்காவின் இரண்டு கட்சிகளில் எந்தக் கட்சி என்பதை 85 தடவையும் சரியாகப் பிரிக்க முடிந்தது என்பதும் இருக்கிறது. ஆள் யார், எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்ததால் இந்த மாவட்டம் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. ஒருவர் வாங்குகிற சாமானில் இருந்து அவரை ஊகிக்கலாம் என்று தெரிந்தும், பேரை எழுதாமல் விடுவது பெரிய பண்பு.

தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, என்ன வாங்கினோம் என்பதை அதோடு சேர்த்து வைக்கிற ஒரு பெரிய கடையில் நோயாளி அம்மாவுக்கு டயப்பர் வாங்கினேன். அம்மா காலமான பிறகும் அதற்கு விலைக்கழிவு என்று குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. கல்லடிக் கடைக்கு நான் முழுதாக மாறியது அதற்குப் பிறகு.

குறைகளும் உண்டு. புதிதாகப் போகிறவருக்குச் சாமான் கண்டுபிடிப்பது சிரமம். உப்பை நான் முதல்தடவை கேட்டுத்தான் எடுத்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அட்டை எடுக்கமாட்டார், காசுதான். அரிசியும் பருப்பும் சந்தையைவிடக் கொஞ்சம் விலை. மரக்கறியை நம்பிப் போகாதீர்கள், பின்னேரம் வாடியிருக்கும். மாசிக் கருவாடு மட்டும் நல்ல தரம், உடைத்துக் காட்டித்தான் நிறுப்பார். தயிர் படுவான்கரையில் இருந்து வருகிற எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாது, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவு சாத்தினால் வெயில் தணியும்வரை திறக்கமாட்டார்.

கொப்பியைப் பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமை காலையில் போகவேண்டாம், கூட்டம். கிழமை நாளில் பத்து மணிக்குப் பிறகு போய்க் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார். இப்போது குரக்கன் மாவும் பலூன் பக்கெற்றும் ஏறிக்கொண்டிருக்கின்றன. காரணம் என்னவாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்கொரு ஊகம் இருக்கிறது, ஆனால் அடுத்த கொப்பி முடியும்வரை பலூன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.