ஒப்படைத்த துப்பாக்கி எப்படித் திரும்பி வந்தது: வேலூர்த் துப்பாக்கிக் கடை ஒன்றின் பாதுகாத்து வைக்கும் சேவை

2019 ஆகஸ்டில் காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கியை வாங்கி வந்த அன்று, திண்ணையில் உட்கார்ந்து அதைத் திறந்து குழலை வெயில் பக்கம் பிடித்துப் பார்த்தேன். இடது குழல் கண்ணாடிபோல இருந்தது. வலது குழலில், வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, உளுந்து அளவில் மூன்று துருப் புள்ளிகள். எண்ணெய்த் துணியால் துடைத்தேன். நிறம் போனது, குழி போகவில்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது என் அப்பா 1971இல் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி, குழல் அளவு பன்னிரண்டு போர் (bore). அவருடைய பழைய லைசென்ஸ் புத்தகத்தில் இன்றும் வட ஆற்காடு மாவட்டம் என்ற முத்திரைதான் இருக்கிறது.

எங்கள் நிலம் ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில். மல்லாட்டை (வேர்க்கடலை) காய் பிடித்துவிட்டால் காட்டுப்பன்றி இறங்கும். ஒரே இரவில் அரை ஏக்கரை உழுததுபோல் கிளறிவிட்டுப் போகும். பன்றியைச் சுட நமக்கு அனுமதி கிடையாது, நான் சுட்டதும் கிடையாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் நான்கு நாள் அந்தப் பக்கம் வராது. துப்பாக்கி எனக்கு அவ்வளவுக்குத்தான். அந்த அவ்வளவே எனக்குப் பெரிது.

அந்த ஆண்டு மார்ச்சில் மக்களவைத் தேர்தல் அறிவித்ததும், தேர்தல் நேரத்தில் கேட்கும் வழக்கப்படி, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். பணப் பட்டுவாடாப் புகாரில் வேலூர்த் தொகுதிக்கு மட்டும், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேர்தலை ரத்து செய்தார்கள். பிறகு ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிய பிறகும் என்னுடையது ஒரு மூலையில் உறையோடு கிடந்தது. அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை, துப்பாக்கிக்கு எண்ணெய் போட யாரையும் நியமிக்கவில்லை. ஆனால் சட்டம் ஒரு பொருளை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் அதைக் கெடாமல் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி கடைக்கு வருகிறேன். வேலூர் டவுனில், லைசென்ஸ் பெற்று நடத்தும் சிறிய துப்பாக்கிக் கடை. துப்பாக்கி இருக்கும் இடத்தை ஊருக்கு அடையாளம் காட்டாமல் இருப்பது நல்லது என்று நினைப்பவன் நான், அதனால் கடையின் பெயரைப் போடவில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விசாரித்தால் தெரிந்துவிடும்.

முதல் முறை நான் அங்கே போனது 2022இல், வேறொரு காரணத்துக்காக. வரப்புத் தகராறு. என் பங்காளி ஒருவர், நான் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினேன் என்று மனு கொடுத்துவிட்டார். நான் அன்று ஊரிலேயே இல்லை, ஆம்பூரில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். ஆனாலும் லைசென்ஸை நிறுத்தி வைத்து, ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பொது அமைதிக்கோ பொதுமக்கள் பாதுகாப்புக்கோ அவசியம் என்று கருதினால் லைசென்ஸை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். இந்தச் சட்டப்படி ஒருவருக்குத் தண்டனை விதிக்கும் நீதிமன்றமும் ரத்து செய்யலாம், 32ஆம் பிரிவின்படி துப்பாக்கியையே பறிமுதல் செய்யச் சொல்லலாம். வக்கீல் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னபோது என் காதில் விழுந்தது ‘பறிமுதல்’ என்ற ஒரு சொல்தான். அப்பாவின் துப்பாக்கியை ஒரு பொய் மனுவால் இழக்கப்போகிறேனா என்ற பயம்.

அந்த வக்கீல்தான் 21ஆம் பிரிவைக் காட்டினார். லைசென்ஸ் நிறுத்தப்பட்டால் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். ஆனால் அருகிலுள்ள காவல் நிலையத்தில்தான் என்று இல்லை, லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடமும் ஒப்படைக்கலாம். எனக்கு அதுவரை தெரியாது. என் வயதில் இருக்கும் பலருக்கு இன்றும் தெரியாது.

கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். துப்பாக்கியை வாங்கியதும் ரசீது புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்து, தோட்டா இல்லை என்று தானும் பார்த்து என்னையும் பார்க்கச் சொன்னார். பிறகு குழலைக் கழற்றி டியூப் லைட்டை நோக்கிப் பிடித்து, “ஐயா, நீங்களே பாருங்கள், பிறகு எழுதுகிறேன்” என்றார். வலது குழலின் மூன்று குழிகளை நான் சொல்வதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். ரசீதில் வரிசை எண், போர், குழல் நீளம், மரக் கட்டையின் இடது பக்கம் இரண்டு அங்குலக் கீறல், குழலுக்குள் பழைய துருக்குழி மூன்று, தனியாகக் கொடுத்த தோட்டா பதினான்கு என்று எல்லாம் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

உள்ளறையில் இரும்புக் கதவுக்குப் பின்னால் மர அடுக்கு. நான் கொண்டுபோன தோல் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்குள் வைத்தால் துரு நிச்சயம் என்றார். குழலின் வாய் கீழே இருக்கும்படி துப்பாக்கியைத் தலைகீழாக நிறுத்தினார். நேராக நிறுத்தினால் குழலில் பூசிய எண்ணெய் மெதுவாக இறங்கி மரக் கட்டையில் ஊறி மரத்தைக் கெடுத்துவிடுமாம். ஐம்பது ஆண்டு துப்பாக்கி இருக்கும் வீட்டில் வளர்ந்தவன், எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

ஐந்து மாதம் கழித்து விசாரணையில் புகார் நிற்கவில்லை, லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. துப்பாக்கியில் கட்டியிருந்த அட்டையில் ஐந்து தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னக் கையெழுத்து. மாதம் ஒருமுறை துடைத்ததற்கு அடையாளம். குழலுக்குள் பார்த்தேன். மூன்று குழிதான். நான்காவது இல்லை. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது இதே பேச்சு அங்கேயும் வந்தது. அவர்கள் இருப்பது இந்தியானா மாநிலம், இண்டியானாபொலிஸ். பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்குப் போகிறவர். அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை. நம்மைப்போல் அரசு பார்த்துக் கொடுப்பது அல்ல. ஆனாலும் ஆபத்தானவர் என்று தோன்றும் ஒருவரிடமிருந்து துப்பாக்கியை எடுத்துவைக்க நீதிமன்றம் உத்தரவிடும் சட்டங்கள் பல மாநிலங்களில் உண்டு. 1999இல் கனெக்டிகட் தொடங்கியது, 2005இல் இந்தியானா. பெரியவரின் கவலை எனக்கு அப்படியே புரிந்தது. குற்றம் எதுவும் நடக்காமலே, பல மாநிலங்களில் நம்மைக் கேட்பதற்கு முன்பே உத்தரவு வந்துவிடும். சில மாநிலங்களில் மனக்கசப்பில் இருக்கும் உறவினர் ஒருவரே மனுக் கொடுக்கலாம். வக்கீல் செலவு நம் தலையில். எடுத்துப்போனது எந்த நிலையில் திரும்பும் என்று யாரும் சொல்வதில்லை. தன் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண்ணோடு புகைப்படம் எடுத்து ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

இந்தியானாவில் எடுத்த பிறகு 14 நாட்களுக்குள் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், ஆபத்து உண்டு என்று அரசுத் தரப்புதான் வலுவாக நிரூபிக்க வேண்டும், 180 நாள் கழித்துத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். நாள் கணக்கு எழுதியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் ஐந்து மாதத்தில் அடுத்த விசாரணை எப்போது என்று ஒருவரும் தேதி சொல்லவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று என் மருமகன் சொன்னதையும் மறைக்க மாட்டேன். 2004இல் அதே ஊரில், மனநிலை பாதித்த ஒருவரிடமிருந்து காவல் துறை துப்பாக்கிகளை எடுத்தது. வைத்துக்கொள்ளச் சட்டம் இல்லாததால் திருப்பிக் கொடுத்தது. அவர் பிறகு ஒரு காவலரைச் சுட்டுக் கொன்றார். சட்டம் இருந்தும் அதன்கீழ் ஒரு இளைஞரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டதால், அவர் புதிதாகத் துப்பாக்கி வாங்கி 2021இல் எட்டுப் பேரைக் கொன்றார். இதைக் கேட்ட பிறகு, எடுக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. எடுங்கள். சீக்கிரம் விசாரியுங்கள். பொய் என்று தெரிந்தால், கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுங்கள். அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன், மகள் மொழிபெயர்த்தாள். அவர் பாதிக்குத் தலையாட்டினார்.

இரண்டாம் முறை 2024 மக்களவைத் தேர்தல். தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல்படி எல்லாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் சிக்கியவர் என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய மனு காரணமோ என்னவோ, எனக்கும் கடிதம் வந்தது. கொடுத்தேன், அதே கடையில்.

இந்த முறை குறைகள் இருந்தன. தேர்தல் நேரத்தில் அடுக்கு நிரம்பி, துப்பாக்கிகள் ஒன்றோடொன்று உரசும்படி நின்றன. கடைக்காரப் பெரியவர் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார். அவர் மகன் துப்பாக்கியை வாங்கிக் கண்ணாடி மேசைமேல் ‘டக்’கென்று வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத வாடகை 400இலிருந்து 600 ஆகியிருந்தது. அதை ஒப்படைக்கும்போது சொல்லவில்லை, திரும்ப வாங்கும்போதுதான் சொன்னார்கள். மதியம் ஒன்றரைக்கு மூடினால் நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். விடுவிப்புக் கடிதத்துக்கு நகல் இல்லை என்று ஒரு நாள் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. ஒடுகத்தூரிலிருந்து வருகிறவனுக்கு அது ஒரு நாள் கூலி.

ஜூனில் வாங்கும்போது மரக் கட்டையின் வலது பக்கம் ஒரு புதிய பள்ளம், நகம் பதியும் அளவு. ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் இடது பக்கக் கீறல் மட்டுமே எழுதியிருந்தது. மகன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஈரத் துணியை மேலே போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஆவி பட்டு மரம் உப்பி மேலே வந்தது. பிறகு எண்ணெய் தேய்த்தார். உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிறது. குழலுக்குள் இந்த முறையும் மூன்றே குழிதான்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது வாடகைக்காக இல்லை, மேசைமேல் வைத்த அந்தச் சத்தத்துக்காக.

போகிறவர்கள் லைசென்ஸ் புத்தகம், உத்தரவுக் கடிதம், இரண்டுக்கும் இரண்டிரண்டு நகல் கொண்டுபோங்கள். குழலுக்குள் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகையை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கார்பன் நகல் மங்கலாக விழுகிறது, அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் இப்போது காலை பத்தரை முதல் மதியம் வரை மட்டும் வருகிறார். அவர் இருக்கும் நேரத்தில் போங்கள்.