வேலூரில் பவர் டூல் ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: புது ஆர்மேச்சருக்குப் பணம், உள்ளே பழைய ஆர்மேச்சர்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் வட்டாரத்தில் கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், ஹேண்ட் கிரைண்டர் வைத்துப் பிழைக்கிறவர்களும், வீட்டில் ஆசைக்கு மரவேலை செய்கிறவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சரைப் புதிதாக மாற்றியதாகச் சொல்லி ஒரு கடையில் என்னிடம் பணம் வாங்கினார்கள். மாற்றவே இல்லை. அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் காப்பர் ஃபீல்டு காயிலை உருவிவிட்டு அலுமினியக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மெஷின் எங்கள் பட்டறைப் பையன் கையில் இருக்கும்போது புகைந்தது. பணத்தைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காட்பாடி பக்கம் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், நிலை வேலைதான் அதிகம். கெட்டுப்போனது ஏழேகால் இஞ்ச் பிளேடு போடும் சர்க்குலர் சா. தேக்குப் பலகை கிழிக்கும்போது இழுவை குறைந்தது, ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பக்கம் மஞ்சளாகப் பொறி சுற்றியது. பிரஷ் புதிதாகப் போட்டும் நிற்கவில்லை. அதனால் பஜார் பக்கம் இருக்கும் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் கொடுத்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

கோடைக்காலம். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே அபூர்வமான ஊர் இது. கிணறும் போரும்தான் விவசாயத்துக்கு. வெயில் ஏற ஏற மோட்டார்கள் எரிந்து வரும், வைண்டிங் கடைகளில் சப்மெர்சிபிள் மோட்டார் வரிசையாக நிற்கும். அந்த நெரிசலில் நம்முடைய சின்ன மெஷினை யார் பிரிக்கிறார்கள், என்ன போடுகிறார்கள் என்று நின்று பார்க்கவும் இடம் இருக்காது. கடைக்காரர் பிரஷ் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஆர்மேச்சர் பூட்ச்சி சார். ஃபீல்டும் கருகிப்போச்சு. ரெண்டும் மாத்திட்டா புது மெஷின் மாதிரி ஓடும்" என்றார். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, உள்ளேயும் பிரிக்கவில்லை.

பில் கேட்டதற்கு, பில் போடுவதில்லை என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். ஆர்மேச்சர் கம்பெனி புதுசு 1,450, ஃபீல்டு காயில் காப்பர் 700, பேரிங் இரண்டு 240, கூலி 300. மொத்தம் 2,690. போனில் பணம் அனுப்பினேன். பழைய ஆர்மேச்சர் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் காயலான் கடைக்குப் போய்டும் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். இந்த ஒரு பதிலை நினைவில் வையுங்கள். மாற்றிய சாமானைத் திருப்பிக் கொடுக்காத கடையில் மாற்றியதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

சில வாரம் ஓடியது. முதலிலிருந்தே பாடி சீக்கிரம் சூடாகிறது என்று ஆட்கள் சொன்னார்கள். போன் செய்து கேட்டால், "புது வைண்டிங் அப்படித்தான் இருக்கும், லோ வோல்டேஜ்ல ஓட்னா நாங்க இன்னா பண்றது" என்று பதில் வந்தது. குடியாத்தத்தில் ஒரு வீட்டில் நிலை, கதவு மாட்டும் வேலை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பையன் பலகை கிழித்துக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது, காற்றுத் துளையிலிருந்து புகை வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டான், நல்லவேளை. கைப்பிடிப் பக்கம் பாடி இளகிப்போயிருந்தது. வாடகைக்கு மெஷின் எடுத்து அந்த வேலையை முடித்தேன்.

அதே கடைக்குத் திரும்பப் போக மனம் வரவில்லை. இராணிப்பேட்டையில் வெகுகாலமாக மோட்டார் வைண்டிங் செய்யும் ஒரு பாயிடம் எடுத்துப்போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் சொன்னது இது: "போன்ல படம் எடுத்துக்கோப்பா. பிரிச்சப்புறம் நீதான் மாத்திட்டேன்னு சொல்லுவாங்க." அப்படியே எடுத்தேன். பின்னால் எனக்குத் துணை நின்றது அந்த வீடியோதான்.

பிரித்ததும் முதலில் ஆர்மேச்சர். எங்கள் பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு மெஷின் இருப்பதால், போன வருடம் பேரிங் மாற்றியபோது விசிறிச் சிறகின் பின்பக்கம் ஊசியால் ஒரு முக்கோணம் கீறி வைத்திருந்தேன். 'கம்பெனி புதுசு' ஆர்மேச்சரில் அந்த முக்கோணம் அப்படியே இருந்தது. மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தார்கள். பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து பளிச்சென்று ஆக்கியிருந்தார்கள். கம்யூட்டேட்டரில் செம்புப் பட்டைகளுக்கு நடுவே கரண்ட் கடத்தாத மைக்கா இருக்கும். கடைந்தபின் மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரஷ் அதன்மேல் துள்ளித் துள்ளிப் பொறி பறக்கும். அதைச் செய்யவே இல்லை. பேரிங்கும் பழையதுதான். அதன் ரப்பர் மூடியில் பழைய மரத்தூள் அப்பியபடியே இருந்தது.

ஆர்மேச்சர் உண்மையிலேயே போயிருந்ததா என்று பாய் எனக்கு முன்னாலேயே சோதித்தார். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் மீட்டர் முனைகளை வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அதிகமாகக் காட்டினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது, மிகக் குறைவாகக் காட்டினால் ஷார்ட். பிறகு குரோலர் என்கிற மின்காந்தச் சோதனைக் கருவிமேல் வைத்து, கம்பி சுற்றிய ஒவ்வொரு பள்ளத்துக்கும் (ஸ்லாட்) மேலே ஆக்ஸா பிளேடைப் பிடித்தார். ஷார்ட் இருக்கும் ஸ்லாட்டில் பிளேடு அதிரும். எங்கேயும் அதிரவில்லை. கடைசியாகக் கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே சீரியஸ் லேம்ப், அதாவது கசிவு இருந்தால் எரியும் சோதனை பல்பு. பல்பு எரியவில்லை, அதாவது கசிவு இல்லை. அந்த ஆர்மேச்சரின் வைண்டிங்கில் குறை என்று எதுவுமே இல்லை. முதலில் பொறி பறந்தது கம்யூட்டேட்டர் தேய்ந்து மேடுபள்ளம் ஆனதால்தான் இருக்கும், ஒழுங்காகக் கடைந்து மைக்கா வெட்டிக் கொடுத்திருந்தால் கூலியோடு வேலை முடிந்திருக்கும் என்றார்.

ஃபீல்டு காயில் பார்க்கவே செம்பு நிறம். பாய் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினார். எனாமல் போனதும் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. முனையை லைட்டர் நெருப்பில் காட்டினார். கம்பி குழைந்து சுருண்டது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். அதே நெருப்பில் செம்பு சிவக்குமே தவிர உருகாது.

அலுமினியம் சுற்றுவதே திருட்டு என்று நான் சொல்லவில்லை. விலை குறைந்த சில மோட்டார்களில் கம்பெனியே அப்படித்தான் போடுகிறது. ஆனால் செம்பின் மின்கடத்தும் திறனில் ஏறத்தாழ 61 சதவீதம்தான் அலுமினியத்துக்கு உண்டு. அதே கரண்டைத் தாங்க 1.6 மடங்கு குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பி வேண்டும். செம்புக்காக அளந்து செய்த இடத்தில் அந்தப் பருமன் அடங்காது. அதனால் செம்பு இருந்த அதே கேஜ் (பருமன்) கம்பியைத்தான் சுற்றுவார்கள். அப்போது ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், சூடும் அதே அளவு ஏறும். இந்த மாதிரி மெஷின்களில் ஃபீல்டும் ஆர்மேச்சரும் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. மெஷின் இழுக்கும் கரண்ட் முழுவதும் ஃபீல்டு வழியாகத்தான் போகும். தேக்கை அழுத்திக் கிழிக்கும்போது அந்தக் காயில் எப்படித் தாங்கும்? காப்பர் என்று கையால் எழுதிப் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்வதுதான் மோசடி.

இன்னொரு விஷயத்தைக் கையில் மெஷின் பிடிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மெஷின்களில் பெயர்ப்பலகையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். அதனால்தான் எர்த் வயர் இல்லாமல் இரண்டு பின் பிளக் கொடுக்கிறார்கள். உள்ளே இன்சுலேஷன் காகிதமும் பிளாஸ்டிக்கும் சரியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. என் மெஷினில் ஸ்லாட் இன்சுலேஷன் காகிதத்துக்குப் பதில் பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் சுற்றியிருந்தார்கள். அது சூட்டில் உருகி, பாடியும் இளகி, உள்ளே இருக்கும் கரண்ட் கியர் பாக்ஸ் இரும்புக்கு வந்திருந்தால் காப்பாற்ற எர்த்தும் கிடையாது. சைட்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தால்தான் உயிர் தப்பும். கட்டட வேலை நடக்கும் எத்தனை வீடுகளில் அது இருக்கிறது?

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நாங்க போட்டது புதுசுதான். நீங்க வேற எடத்துல பிரிச்சிட்டீங்க, இனிமே நாங்க பொறுப்பில்ல" என்றார். வீடியோவைக் காட்டினேன். "தொழில் பண்ற எடத்துல வந்து சத்தம் போடாதீங்க" என்றார். நான் சத்தமே போடவில்லை. கடையில் அப்போது இன்னும் இரண்டு பேர் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இனி ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள், முதலில் பிரஷை நீங்களே கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் வெளியே இருக்கும் மூடியைத் திருகினால் வந்துவிடும். தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் ஆர்மேச்சர், ஃபீல்டு, பேரிங் எல்லாவற்றிலும் உங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளம் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். மெஷினைத் தராசில் நிறுத்து எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு கம்பியில் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அலுமினியத்துக்கு இல்லை. கம்பியை மாற்றினால் தராசு காட்டிக் கொடுத்துவிடும். புது ஆர்மேச்சர் என்றால் டப்பாவோடு உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். டப்பாவில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம் இருக்க வேண்டும். கம்பியைச் சுரண்டிப் பார்ப்பது மட்டும் போதாது. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கம்பியும் சந்தையில் உண்டு. குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள்.

பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. இது பல பேருக்குத் தெரியவில்லை. "நீங்க தொழிலுக்கு யூஸ் பண்றீங்க, கன்ஸ்யூமர் கேஸ் செல்லாது" என்று என்னையும் மிரட்டினார்கள். அது பொய். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தானே பயன்படுத்தும் கருவி என்றால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னேன், தமிழிலேயே பேசலாம். கடைக்காரர் மசியவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர் எந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

காலண்டர் தாள், பணம் அனுப்பிய விவரம், பிரிக்கும்போது எடுத்த வீடியோ, பாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குறிப்பு, எரிந்த ஃபீல்டு காயில், இவ்வளவும் மனுவோடு இருக்கிறது. இதே மாதிரி துண்டுத்தாளில் எழுதி வாங்கியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருப்பீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மெஷின் எரிந்துபோயிருந்தாலும் உள்ளே இருக்கும் காயிலைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்துப் பாருங்கள்.