பாக்கெட்டில் ஓர் அட்டையா, தினம் ஒரு மாத்திரையா?

கிண்டி ஸ்டேஷனில் பாதி வழியில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது மூன்று வருடத்துக்கு முன்னால். நெஞ்சு படபடப்பு, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, இதோ போய்விடப் போகிறேன் என்ற நிச்சயம். ஈசிஜி சரி, ரத்தப் பரிசோதனையும் சரி. "கேஸா இருக்கும் சார்" என்றார்கள். இப்படி மூன்று தடவை ஆன பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். பேனிக் அட்டாக் என்று அவர்தான் பெயர் சொன்னார்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அட்டாக் வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் அமைதி மாத்திரை. டாக்டர்கள் சீட்டில் 'எஸ்ஓஎஸ்' என்று எழுதித் தருவார்களே, அது. மற்றது, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரை தினம் ஒன்று, கூடவே சிபிடி என்ற பேச்சு சிகிச்சை. முதல் வழியில் ஏழெட்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அமைதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடிக்கக் கூடாது, மூச்சையே மந்தமாக்கிவிடும். வண்டி ஓட்டக் கூடாது. சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்ததுதான், தாண்டிப் போவோம்.

எஸ்ஓஎஸ் என்று எனக்குத் தந்தது முதலில் அல்பிரசோலம், பிறகு குளோனசெபாம். இரண்டும் பென்சோடயசெபின் குடும்பம். மூளையைத் தணிக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலைக்குக் கை கொடுப்பவை. அல்பிரசோலத்தில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும், குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். எனக்கு அல்பிரசோலம் சட்டென்று கேட்டது, அதே வேகத்தில் இறங்கியும் போனது. இறங்கும் நேரத்தில் ஒரு கலக்கம் திரும்பி வரும். குளோனசெபாம் போட்டால் மறுநாள் மதியம் வரை தலைக்குள் பஞ்சு மூட்டை. இரண்டில் ஒன்று என்றால் குளோனசெபாம்தான் பரவாயில்லை என்பேன். ஆனால் பஞ்சு மூட்டையோடு எக்செல் ஷீட் பார்ப்பது கொடுமை.

அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் ஹெச்1 என்ற அரசுப் பட்டியலில், கணக்கு எழுதி விற்க வேண்டிய மருந்துகளோடு, இருக்கிறது. கடைக்காரர் உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் தனி நோட்டில் எழுதி, அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எங்கள் தெரு மெடிக்கல்காரர் எழுதிக்கொண்டே, "தம்பி, இது அப்பாவுக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா பாவம், ரத்த அழுத்தம்கூட இல்லாத மனுஷன்.

சரி, என் முடிவை மாற்றியது கடிகாரம். டாக்டர் ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறித்துவரச் சொன்னார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: படபடப்பு தொடங்கியது 8.40, மாத்திரை 8.43, அடங்கியது 9 மணி. "பார்த்தீங்களா டாக்டர், எவ்வளவு வேகமா கேக்குது!" என்றேன். அவர் சிரித்தார். பேனிக் அட்டாக் பொதுவாக பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானே இறங்கும். விழுங்கிய அல்பிரசோலம் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவதற்கோ ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதாவது மாத்திரை முழு வேகத்தில் வந்து சேரும்போது என் உடம்பு வேலையையே முடித்திருக்கிறது. பாடுபட்டது உடம்பு, பெயர் வாங்கியது மாத்திரை.

பெயர் யாருக்குப் போனால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஒரு நாள் அட்டையை வீட்டில் மறந்துவிட்டு ரயில் ஏறினேன். பல்லாவரம் தாண்டியதும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. அந்த நொடியில் அட்டாக் வந்தது. இறங்கி, எதிர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன், அன்றைக்கு லீவு. அட்டை இல்லாவிட்டால் செத்துவிடுவேன் என்று ஒவ்வொரு மாத்திரையும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. மாதத்துக்கு இரண்டாக இருந்த கணக்கு வாரத்துக்கு இரண்டாகியிருந்ததையும் நோட்டுதான் காட்டியது. பேனிக் கோளாறுக்கு பென்சோடயசெபின் தர வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்வதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

தினசரி மாத்திரையும் சொகுசு இல்லை. முதல் இரண்டு வாரம் பதற்றம் கூடியது, குமட்டல் வேறு. நாலாவது வாரத்துக்கு மேல்தான் தரை தட்டுப்பட்டது. தாம்பத்திய ஆசை குறையலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். சிபிடியில் என்னை மாடிப்படி ஏறி ஓடவைத்தார்கள், சுழல் நாற்காலியில் சுற்றினார்கள், ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார்கள். படபடப்பை நானே வரவழைத்து, மாத்திரை இல்லாமல் அது இறங்குவதைப் பார்க்க வேண்டும். முதல் நாள் அழுதேன். ஆறாவது நாள் கொட்டாவி வந்தது. தனியாரில் செலவு அதிகம்தான். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. எஸ்சிடலோபிராமில் 'ப்ளஸ்' என்று பெயர் போட்டு வருபவற்றின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் குளோனசெபாம் கூடவே உட்கார்ந்திருக்கும். என் ஒன்றுவிட்ட அண்ணன் இது தெரியாமலே நாலு வருடம் போட்டிருக்கிறார். தினமும் போட்டுவந்த பென்சோடயசெபினைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தக் குடும்பம் முழுவதற்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டதற்கு இப்படிப் பழகிப்போவதும் நிறுத்தும்போது வரும் தொந்தரவும்தான் காரணம். அண்ணன் இப்போது டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார்.

நெஞ்சுத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். மேடையில் பேசுவதற்கு முன்னால் இரண்டே தடவை போட்டிருக்கிறேன். கை நடுக்கமும் நெஞ்சுத் துடிப்பும் குறைந்தன, பயம் அப்படியே இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

என் கடிகாரக் கணக்கு சின்ன அட்டாக்குகளுக்குத்தான் பொருந்தும். மணிக்கணக்கில் நீளும் பதற்றமோ, வருடத்துக்கு இரண்டு தடவை விமானம் ஏறும் பயமோ என்றால் எஸ்ஓஎஸ் சரியான வழியாகவே இருக்கலாம். நானே போன வருடம் எம்ஆர்ஐ குழாய்க்குள் போக, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒன்று போட்டுக்கொண்டேன். உள்ளே தூங்கியே போனேன்.

அந்த அட்டை இப்போது பாக்கெட்டில் இல்லை, பீரோவில் இருக்கிறது. எட்டு மீதி. வரும் மார்ச்சில் காலாவதி.