சர்வீஸ் கம்பெனியா, ப்ராடக்ட் கம்பெனியா: இரண்டிலும் இருந்து பார்த்தவன் கணக்கு

அக்கா மகனுக்குக் கல்லூரியிலேயே இரண்டு ஆஃபர் வந்துவிட்டது. ஒன்று, சென்னை ஓஎம்ஆர் சாலையில் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஐடி சர்வீஸ் கம்பெனி, அதாவது மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுப்பது. இன்னொன்று, அறுபது பேர் மட்டும் வேலை பார்க்கும் ப்ராடக்ட் கம்பெனி, சொந்தமாக மென்பொருள் செய்து விற்பது. "எதுல சேரட்டும் மாமா?" என்று போனில் கேட்டான். நான் சர்வீஸில் எட்டு வருடம் இருந்துவிட்டு, ஐந்து வருடமாக ப்ராடக்டில் இருக்கிறேன். அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். நான் ப்ராடக்ட் பக்கம் சாய்ந்தவன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். சர்வீஸில் புதிதாகச் சேருபவர்களுக்கு வருடச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருடமாக நிற்கிறது. துரைப்பாக்கத்து வாடகை அப்படி நிற்கவில்லை. ப்ராடக்டில் பொதுவாகக் கூடுதல், ஆனால் சின்ன கம்பெனி என்றால் உறுதியில்லை. பஸ், கேன்டீன், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் பெரிய கம்பெனிதான் மேல். பெயருக்கும் மதிப்பு உண்டு. நான் மாறிய மறுவருடம் வீட்டுக்கடனுக்குப் போனபோது, வங்கியில் இருந்தவர் கணினியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கம்பெனி எங்க லிஸ்ட்லயே வரலையே சார்" என்றார். அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டம். கல்யாண வீடுகளில் "பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டால் இன்றைக்கும் பழைய கம்பெனி பெயரைத்தான் சொல்கிறார்.

இனி என்னை மாற வைத்த விஷயம். உங்கள் மணிநேரத்தைக் காசு கொடுத்து வாங்குவது யார்?

சர்வீஸ் கம்பெனிக்கு வருமானம் பெரும்பாலும் ஆள் கணக்கில் வருகிறது. இத்தனை பேர், இத்தனை மணி நேரம், மணிக்கு இத்தனை டாலர். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு "டைம்ஷீட் இன்னும் போடவில்லை" என்று மெயில் வருவது அதனால்தான். அந்த டைம்ஷீட்தான் கிளையண்டுக்குப் போகும் பில். இது புரிய எனக்கு ஐந்து வருடம் ஆனது.

அப்போது அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையண்ட் ஒன்றின் ப்ராஜெக்டில் இருந்தேன். மாதக் கடைசியில் இரண்டு சிஸ்டத்திலிருந்து பாலிசி விவரங்களை எடுத்து, எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்க்க வேண்டும். மூன்று பேருக்கு மூன்று நாள் வேலை. கண் எரியும். சலித்துப்போய் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இருபது நிமிடத்தில் முடித்தது. நாங்கள் தவறவிட்ட நான்கு பாலிசிகளையும் காட்டிக்கொடுத்தது. மேனேஜர் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போய், "சூப்பரா இருக்குப்பா. ஆனா கிளையண்ட் காதுல மட்டும் போட்டுறாத, மூணு பேர் பில்லிங் போயிடும்" என்றார்.

அவரைத் திட்டி எழுத மனம் வரவில்லை. டீமில் எத்தனை தலை பில்லிங்கில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அவருக்கு அப்ரைசல். அந்த ஸ்கிரிப்ட் பதினோரு மாதம் என் மெஷினில் சத்தமில்லாமல் ஓடியது. டைம்ஷீட்டில் மூன்று பேரும் மூன்று நாள் என்றே எழுதிக்கொண்டிருந்தோம். கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன், அது இன்னும் உறுத்துகிறது. மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசிய ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்டில் இந்தக் கணக்கு தலைகீழாகும். சீக்கிரம் முடித்தால் கம்பெனிக்கு லாபம். அப்படி ஒன்றில் ஒன்பது மாதம் இருந்தேன். அங்கே லாபம் எங்கள் சனி ஞாயிறுகளிலிருந்து வந்தது.

பெஞ்சும் இதே கணக்குதான். பில்லிங் இல்லாதவர் செலவு. ஒரு காலத்தில் பெஞ்ச் என்றால் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டே அடுத்த ப்ராஜெக்டுக்குக் காத்திருப்பது. 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதியைப் பாருங்கள்: வருடத்தில் 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக்கூடாது. அடுத்த மாதமே மொத்த ஆட்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். (நான் இருந்தது வேறு கம்பெனி.) 'பெரிய கம்பெனி, வேலை போகாது' என்று என் அப்பா நம்பிய காலம் முடிந்துவிட்டது.

சர்வீஸில் மக்களுக்கு நிஜமாகவே பிடித்தது ஆன்சைட், அதாவது கிளையண்டின் நாட்டுக்கே போய் வேலை பார்ப்பது. இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து ஊரில் மாடி எடுத்தவர்கள் என் பேட்ச்சிலேயே ஏழெட்டுப் பேர். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் உத்தரவு போட்டார். ஆன்சைட்டை நம்பி சர்வீஸில் சேருங்கள் என்று இப்போது யாருக்கும் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இப்போது இருக்கும் கம்பெனி, கடைகளுக்கும் சின்ன ஆலைகளுக்கும் பில்லிங், ஜிஎஸ்டி மென்பொருள் செய்கிறது. டைம்ஷீட் கிடையாது. முதல் மாதம் பழக்கதோஷத்தில் நோட்டில் நானே மணிநேரம் எழுதிவந்தேன். அப்போது ஸ்டாக் ரிப்போர்ட் பக்கம் திறக்க நாற்பது விநாடி ஆகும். அதை மூன்று விநாடிக்குக் கொண்டுவந்தேன். எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து சப்போர்ட்டில் இருக்கும் பெண் என் இடத்துக்கே வந்து, "ஈரோட்டு ஜவுளிக்காரர் கூப்பிட்டார் சார், இப்பதான் சாஃப்ட்வேர் மாதிரி இருக்குங்கிறார்" என்றார். எட்டு வருட சர்வீஸில் நான் எழுதியதைப் பயன்படுத்துகிறவர் ஒருவரின் குரலைக்கூடக் கேட்டதில்லை.

இதற்கும் விலை உண்டு. சர்வீஸில் ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்து வருபவருக்கு வேலையை விளக்கிச் சொல்லிவிட்டு (கேடி என்பார்கள்) நழுவிவிடலாம், அடுத்தவன் தலைவலி. இங்கே நான் எழுதிய ப்ரோக்ராம் என்னோடேயே இருக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளான 11, 20 தேதிகளில் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். சித்தப்பா மகள் ரிசப்ஷன் கும்பகோணத்தில், தேதி 20. பந்தியில் இலை போட்டாயிற்று, போன் அடித்தது. இலைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, இடது கையால் தட்டித் தட்டிப் பார்த்தால், மூன்று வருடம் முன்பு நானே அவசரத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கமென்ட் எழுதி விட்டுவைத்த இடம். டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் ஒன்றைப் போடாமல் விட்டிருக்கிறேன். சாம்பார் ஊற்ற வந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஆனாலும் எனக்கு இதுதான் சரி. அந்த ராத்திரிக்குப் பிறகு இண்டெக்ஸ் விஷயத்தில் நான் ஏமாந்ததில்லை. இப்போது ஆள் எடுக்க நானே இன்டர்வியூ செய்கிறேன். எட்டு வருடம் சர்வீஸில் இருந்தவரிடம் "நீங்க எழுதினதுல எது உடைஞ்சது, எப்படிச் சரி பண்ணீங்க?" என்று கேட்டால், பலர் "எங்க டீம்ல" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. உடைவதற்குள் அவர்களை அடுத்த ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டிருப்பார்கள்.

ப்ராடக்ட் என்றதும் ஈசாப் பேச்சு வரும், அதாவது ஊழியர்களுக்குக் கம்பெனிப் பங்கு தருவது. சென்னையில் வளர்ந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் இறங்கியபோது ஐந்நூறு ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்தது. அதே பங்கு 36 டாலருக்கு வெளியிடப்பட்டு, பிறகு நீண்ட காலம் அதில் பாதிக்கும் கீழே கிடந்தது. 2024 நவம்பரில் 660 பேரை அனுப்பவும் செய்தார்கள். ஆக, ப்ராடக்டும் பாதுகாப்பு இல்லை. என் ஈசாப் பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளோடு இருக்கிறது.

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது சட்டம், இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் சின்ன டீமில் ஒருவர் ஆறு மாதம் இல்லையென்றால் திரும்பி வரும்போது அவருடைய இடம் அப்படியே இருக்கிறதா? நான் பார்த்தது ஒரே ஒருவரை, அவருக்கு இருந்தது. அதை வைத்துப் பொதுவாகச் சொல்ல மாட்டேன், அங்கே வேலை பார்க்கும் பெண்களையே கேளுங்கள். வெளிநாட்டு வங்கிகள் இங்கே வைத்திருக்கும் சொந்த அலுவலகங்களைப் பற்றியும் நண்பர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள். நான் இருந்ததில்லை.

இதில் முக்கால்வாசியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஆனா என் செட்ல பதினாலு பேர் அந்தப் பெரிய கம்பெனிக்குத்தான் போறாங்க" என்றான். இருபத்தொரு வயதில் அது சின்ன காரணம் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் பாண்டும் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) நோட்டீஸ் பீரியடும் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாள்) எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். ராத்திரி வாட்ஸாப்பில் இரண்டு ஆஃபர் லெட்டரையும் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பெரியதில் 90 நாள், சின்னதில் 30. கீழே, "நோட்டீஸ் பீரியட்னா என்ன மாமா?"