கர்நாடக இசைச் சேகரிப்பு: எல்.பி. தட்டா, கேசட்டா, இணையச் சந்தாவா?

பெரியப்பா காலமான பிறகு அவருடைய மர அலமாரியிலிருந்து 140 கேசட்டுகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. டிசம்பர் சீசனில் சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து அவரே பதிவு செய்தவை பாதி. வானொலியில் கச்சேரி ஒலிபரப்பான இரவுகளில் பிடித்து வைத்தவை மீதி. அதே சமயத்தில் நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த எல்.பி. தட்டுகளை (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகளை) மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். மாதச் சந்தா கட்டிக் கேட்கும் இணைய ஒலிச்சேவை ஏற்கெனவே கைபேசியில் இருந்தது. என் நேரமும் இடமும் ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும் என்பதால், நான் கேசட்டுகளை எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த முடிவில் எனக்கு மாற்றம் இல்லை.

ஒலித்தரத்தில் எல்.பி. தட்டுதான் மேல் என்பதில் விவாதமே வேண்டியதில்லை. அட்டையின் அழகும், பின்பக்கத்தில் அச்சிடப்பட்ட பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களும், விற்க நினைத்தால் வாங்குவதற்கு ஆள் கிடைப்பதும் அதன் சாதகங்கள். ஆனால் தட்டின் ஒரு பக்கத்தில் 20 முதல் 25 நிமிடங்களே அடங்கும். 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் போன்ற ஒன்றுக்கு அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தியது. ராகத்தை விரிக்கும் ஆலாபனை, கிருதி என்ற பாட்டு, அதன் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் நிரவல், ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம், தாள வாத்தியக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று விரியும் ஒரு பிரதான உருப்படிக்கு அது போதாது. ஒரு பக்கத்தின் மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் ராகத்தின் சாரத்தைப் பிழிந்து தந்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளில் வித்வான்கள் காட்டிய சாமர்த்தியம் பெரிது, டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தைக் கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். இருந்தாலும் கச்சேரி என்பது நேரம் எடுத்துக்கொண்டு வளர்கிற கலை. தட்டை ஓட்டும் விலை உயர்ந்த டர்ன்டேபிளில் நீண்ட நாள் கேட்ட பழக்கம் எனக்கு இல்லை என்பதால், தட்டின் நாதத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்வது முறையாகாது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு இணையச் சேவையையே நான் பரிந்துரைப்பேன். ஒரே மாலையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் ஆகிய பாடகர்களை அடுத்தடுத்துக் கேட்டு, தம் காது எங்கே நிற்கிறது என்று கண்டுகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. சேகரிப்பு என்று வரும்போதுதான் குறை தெரிகிறது. வயலின் யார், மிருதங்கம் யார் என்ற விவரம் பல பதிவுகளில் இருப்பதில்லை. தனி ஆவர்த்தனம் வேறொரு கோப்பாகத் துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது. உரிமம் முடிந்தால் நேற்றுக் கேட்டது இன்று காணாமல் போய்விடுகிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கேசட்டுக்குத்தான் பராமரிப்பு அதிகம், அப்படியிருக்க அதையே தேர்ந்தெடுப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். உண்மைதான். எல்.பி. தட்டைக் கழுவி, செங்குத்தாக அடுக்கி, தேய்ந்த ஊசியை மாற்றிக்கொண்டிருந்தால் அது நம் காலத்துக்குப் பிறகும் பாடும். கேசட் அப்படி இல்லை. சென்னையின் மழைக்காலத்து ஈரத்தில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கிறது. நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. அப்படி உதிர்ந்தது தெரியாமல் நான் ஓடவிட்ட ஒரு கேசட்டில் மிருதங்கத்தின் சாப்பு என்ற அடி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்டது. ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை நல்ல கூட்டுக்கு மாற்றிய பிறகு அதே சாப்பு பளிச்சென்று எழுந்தது. பழுதான ஒரு டெக்கில் போட்டு இரண்டு நாடாக்களைக் கசக்கிக்கொண்டதும் உண்டு. அவற்றை மீட்க முடியவில்லை.

ஆனாலும் இந்தப் பராமரிப்பைக் கேசட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஒழுங்காகச் சுத்தம் செய்து, ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு, கணினியில் ஏற்றிவிட்டால் நாடாவின் வேலை முடிந்துவிடுகிறது. 90 நிமிட நாடாவுக்கு 90 நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும், சி.டி. தரத்தில் ஏற்றினால் ஏறத்தாழ 950 மெகாபைட் வரும். அதை இரண்டு வன்வட்டுகளில், ஒன்றை வேறொருவர் வீட்டில், வைத்திருக்கிறேன். ஏற்றுவதற்கு முன் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியை, வயலினின் வில் உராய்வு தெளியும்வரை, மயிரிழை அளவு திருப்ப வேண்டும். பதிவு செய்த கருவி மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறிவிடும். பாடகர் எம்.டி. ராமநாதனின் கனமான, தாழ்ந்த சாரீரம் யாரோ ஓர் இளைஞர் பாடுவதுபோல் ஒலித்தால் நாடாவின் வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவருடைய மற்ற பதிவுகளோடு ஒப்பிட்டு, சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, எத்தனை கட்டை (பாடகரின் அடிப்படைச் சுருதியின் அளவு) என்று பார்த்துத் திருத்தலாம்.

தட்டையும் இப்படிக் கணினியில் ஏற்றலாமே என்றால், தாராளமாக ஏற்றலாம். ஆனால் நண்பர் காட்டிய தட்டுகளில் பெரும்பாலானவற்றை நிறுவனங்களே சி.டி.யாகவும் கோப்பாகவும் வெளியிட்டுவிட்டன. என் கையிலுள்ள தட்டு கீறினாலும் அந்தப் பாட்டு உலகில் எங்கோ இருக்கும். பெரியப்பாவின் கேசட்டுக்கு வேறு பிரதி இல்லை. 45 நிமிடத்தில் ஒரு பக்கம் தீர்ந்து, அவர் அவசரமாகத் திருப்பிப் போட்ட இடத்தில் நிரவலின் ஒரு வரி விழுந்துபோயிருக்கும். முன்வரிசையில் யாரோ மெல்லத் தாளம் போடுவது கேட்கும். கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடா என்ற சிறு பாட்டுக்கு முன் ரசிகர் ஒருவர் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பார். இவை எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் வராது. ஒரே அளவு உழைப்பைப் போடுவதென்றால், வேறு எவரும் பராமரிக்க வழியில்லாததற்குப் போடுவதே சரி என்று எனக்குப் பட்டது.

நாடாவை ஏற்றும்போது மேலட்டையையும் மறக்காமல் படம் எடுத்து அதே கோப்புறையில் வைக்க வேண்டும். பெரியப்பா நீலப் பேனாவால் ராகம், தாளம், பக்கவாத்தியம், தேதி ஆகிய நான்கையும் எழுதியிருக்கிறார். சந்தேகமான ராகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அவற்றை நானாகத் திருத்தாமல், என் ஊகத்தைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். இவை வீட்டில் கேட்பதற்காகப் பதிவானவை என்பதால் பொதுவில் ஏற்றுவதில்லை. பாடியவரின் குடும்பத்தினரோ சீடர்களோ கேட்டால் பிரதி எடுத்துத் தருகிறேன்.

விற்பனை மதிப்பைப் பார்த்துச் சேர்ப்பவருக்கு என் வழி ஒத்துவராது. வீட்டில் பதிவு செய்த கேசட்டை விலை கொடுத்து வாங்குபவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. 140இல் 96 முடிந்திருக்கின்றன. மீதியில் பதினொன்றின் கூடுகள் திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டவை. அவற்றை உடைத்துத்தான் திறக்க வேண்டும். அதற்கு முன் வெற்றுக் கேசட்டுகளில் கை பழகிக்கொண்டிருக்கிறேன்.