ஆடிக் காத்துல ஒரு மைக் குல்லா

பொள்ளாச்சி சினேகிதன் நேத்து கேட்டான்: "மாப்ள, விலை குறைஞ்சிருக்கே, உன்ற வயர்லெஸ் மைக்கை நானும் வாங்கிப் போடட்டுமா?"

மூணு வருசமா நான் பேட்டி எடுக்கறது அந்த செட்டுலதான். ரெண்டு மைக், கேமராப் பக்கம் அந்த மைக்கோட சத்தத்தை வாங்கிக்கிற ஒரு ரிசீவர், சார்ஜ் டப்பா. மத்ததெல்லாம் அட்டையிலேயே போட்டிருக்கு. எனக்குப் பேச்சு அந்தக் குல்லாவைப் பத்தித்தான்.

மைக் தலையில மாட்டற மயிர்க்குல்லா. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடிக் காத்து நுழைஞ்சா, உடுமலைப் பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடிகளை எதுக்கு நட்டு வச்சிருக்காங்கன்னு தெரியும். அது நேரா மைக்குல மோதினா பேச்சு போயிரும், வெறும் படபடப்புதான். குல்லாவோட முடி காத்தை உடைச்சு விட்டாத்தான் குரல் நிக்கும். இந்தக் குல்லாவோ, பேசறவர் துண்டை ஒரு உதறு உதறினாக் கழண்டுக்கும்.

காங்கேயத்துக்கிட்ட மாடு வளர்க்கிற பெரியவரு ஒருத்தர். கன்னுக்குட்டியை வித்த கதை சொல்லிட்டே வந்தவரு, நடுவுல நிறுத்தினாரு. நானும் அடுத்த கேள்வி போடாம வாயை மூடிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அவரு சொன்னதுதான் பேட்டியே. வீட்டுல வந்து கேட்டா, ஒரே இரைச்சல். குல்லா கட்டுத்தரையில கிடந்திருக்கு. கம்ப்யூட்டர்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற கனத்த சத்தத்தை எல்லாம் வெட்டிப் பார்த்தேன், இரைச்சலோட அவரு அடிக்குரலும் போச்சு. மறுபடி போய் நின்னா, "ஏஞ்சாமி, இன்னொருக்கா சொல்லோணுமாக்கும்?"னு சிரிச்சிட்டே சொன்னாரு. கதை வந்துச்சு. அந்த இடத்துல அவரு நிறுத்தவே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, காத்தில்லாத இடத்துல இது தங்கம். சென்னிமலையில தறி ஓடிட்டிருக்க, தாவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டினேன். நெய்யற அம்மா முணுமுணுத்ததுகூட தனியாக் கேட்டுச்சு. சத்தம் குறைக்கிற பொத்தானை மட்டும் தொடாதீங்க. தறிச் சத்தத்தோட, பேச்சு முடியற இடத்துல இழைஞ்சு வர்ற 'ங்க'வையும் தின்னுரும். நம்மூர்க்காரங்க மரியாதையில்லாமப் பேசற மாதிரி ஒரு வீடியோ எடுத்து, வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ரிசீவருக்கு முதுகைக் காட்டினாலும் இது திக்கும். அது இந்த மைக்கோட குத்தமில்லை, பேச்சைச் சுமந்துட்டுப் போற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை ஒடம்பு மறிக்கத்தான் செய்யும்.

போன மாசம் ஒரு மைக்குல பேட்டரி செத்துப்போச்சு. கடையில, "ஒட்டி வச்சிருக்காங்கண்ணா, பிரிச்சா உடைஞ்சிரும்"னுட்டாங்க. அதுக்குக்கூட எனக்குக் கோவம் வரலை. நாலஞ்சு கடை ஏறியும் அளவுக்கு ஒரு குல்லா கிடைக்கலையே, அதுக்குத்தான். இப்ப வீட்டுல அம்மா அந்தப் பழைய குல்லாவையே பூக்கட்டற நூல்ல மைக்கோட சேர்த்துக் கட்டித் தர்றாங்க. பேட்டி குடுக்கறவங்க எல்லாம் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க.

"வாங்காத மாப்ள"ன்னு முடிவாச் சொல்லிட்டேன்.

"அப்ப நீ என்ன வாங்கப் போற?"

இன்னொரு செட் ஆர்டர் போட்டாச்சு. டப்பாக்குள்ள ரெண்டு குல்லா வருதே.