கும்பகோணத்தில் ஒரு ஹோம்ஸ்டே: வாடகைக் கணக்கில் சேராத கவனிப்புகள்

நவக்கிரகத் தலங்களைச் சுற்றிவருவதற்காகக் கோவையிலிருந்து வாடகைக் காரில் சென்ற நாங்கள், கும்பகோணத்தில் அரசலாற்றுக்குத் தெற்கே உள்ள ஓர் ஓட்டு வீட்டில் தங்கினோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்ற பழைய அமைப்பு குலையாமல் பராமரிக்கப்படும் அந்த வீட்டில் விருந்தினருக்கென இரண்டே அறைகள் உள்ளன. பின்கட்டில் வீட்டுக்காரரின் குடும்பம் வசிக்கிறது. தெரிந்தவர்கள் மூலம் வருவோரையே சமாளிக்க முடியவில்லை, பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அதைத் தவிர்க்கிறேன். காலைச் சிற்றுண்டியுடன் ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய். அதே தொகைக்கு இதைவிடப் பெரிய லாட்ஜ் அறை ஊருக்குள் கிடைக்கக்கூடும். ஆயினும், கோயில் சுற்ற வருபவரின் உடம்புக்கும் நேரத்துக்கும் எது தேவைப்படும் என்பதை இவ்வளவு நுணுக்கமாக யோசித்து வைத்திருக்கும் இடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

அந்த யோசனை நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது. வீட்டு அம்மாள் தொலைபேசியில் அழைத்து, வயதானவர்கள் யாராவது வருகிறார்களா, சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவது வழக்கம், கார் ஓட்டுநர் உடன் தங்குவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளியலறையில் முதுகுசாய்ப்புள்ள நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் எரியும் சிறு விளக்குகள் இருந்தன. சுவரில் பிடித்து எழக் கைப்பிடி முன்பே பதிக்கப்பட்டிருந்தது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த பகுதி என்பதால் கட்டிலுக்கு நன்கு துவைத்த கொசுவலையும் கட்டியிருந்தார்கள்.

ஓட்டுநரைப் பற்றிய கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் மதிப்பீட்டில் இந்த வீட்டின் தலையாய சிறப்பு அதுதான். பல விடுதிகளில் வெளியூர் ஓட்டுநர்கள் காரின் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம் என்று இரவைக் கழிக்கிறார்கள். மறுநாள் விடியற்காலையில் அவர்களை நம்பித்தான் ஒரு குடும்பமே காரில் ஏறுகிறது. இங்கே ரேழியை ஒட்டிய சிறிய அறையில் கட்டில், மின்விசிறி, தனிக் குளியலறை, கைபேசிக்கு மின்னேற்றம் செய்யும் வசதி எல்லாம் ஓட்டுநருக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. எங்களுக்கு விரித்தது போன்ற இலையிலேயே, அதே பந்தியில் அவருக்கும் பரிமாறினார்கள். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வீட்டில் விருந்தினரை ஏற்பவர்கள் ஒரே ஒரு காரியத்தைக் கூடுதலாகச் செய்ய முடியும் என்றால், இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

இப்பகுதிக் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். இது தெரியாமல் உச்சி வெயிலில் கோபுர வாசலில் காத்துக் கிடக்கும் வெளியூர்க் குடும்பங்களை எங்கும் காணலாம். வீட்டுக்காரர் முதல் நாள் இரவே எங்கள் திட்டத்தை வாங்கிப் பார்த்து, எந்தக் கோயிலை எதன் பின் வைத்தால் வீண் அலைச்சல் இராது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகத்தை அம்மா பார்க்க விரும்பினார். ஞாயிறன்று ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை என்பதால் அந்தத் தலம் அன்று கடைசியாக அமைந்தது. “பகல்ல வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுங்கம்மா, வெயில் தாழக் கிளம்பினாப் போதும்” என்று வீட்டு அம்மாள் சொன்னதோடு நில்லாமல், நாங்கள் உறங்கிய அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் மிக்சி ஓசைகூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஒரு துணிப்பை தந்தார்கள். தண்ணீர், துண்டு, பனையோலை விசிறி, சுடும் கல்தளத்தில் நடக்கக் கனமான காலுறைகள், கழற்றிய செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு பழைய பை ஆகியவை அதில் இருந்தன. ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு பத்தும் இருபதுமாகச் சில்லறையும் மாற்றிக் கொடுத்தார்கள். செருப்புக் காப்பகத்திலும், அர்ச்சனைச் சீட்டு வாங்குமிடத்திலும், கட்டணக் கழிப்பறையிலும் சில்லறையின்றித் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கும்பகோணம் கடப்பாவை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள்; டபராவில் வந்த டிகிரி காபிக்குச் சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைத்தார்கள். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை உணவுக்குப் பின் தட்டில் வந்தது. எல்லாவற்றையும்விட, ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தாமல், அம்மா போதும் என்றதும் நிறுத்திக்கொண்டதை உயர்வாக மதிக்கிறேன்.

மற்றோர் அறைக்குச் சென்னையிலிருந்து உழவன் விரைவு ரயிலில் ஒரு குடும்பம் விடியுமுன் வந்து இறங்கியது. அறை காலியாகப் பகலாகும் என்ற நிலையிலும், அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிடாமல், பின்கட்டில் வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்து, காபி கொடுத்து, பெட்டிகளைக் கூடத்தில் பத்திரப்படுத்தி முதல் கோயிலுக்கு அனுப்பிவைத்தார்கள். அரை நாள் வாடகை கேட்கவில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே அங்கீகாரத் திட்டம், அதிகபட்சம் ஆறு அறைகள்தான் என்பதோடு உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்றும் விதித்திருப்பதன் பொருத்தத்தை அன்று உணர்ந்தேன். சாவியை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் போகும் காவலாளியால் இதைச் செய்ய முடியாது.

குறைகளும் உண்டு. நிலைப்படிகள் உயரமானவை, ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கைபிடித்துத்தான் தாண்டவைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் விசிறியும் விளக்கும் மட்டுமே இயங்கும். எட்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் வந்திறங்கியவர்களை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்து, படம் பிடித்து, பிறகே உள்ளே விடுவது அன்பினால்தான் என்றாலும் நீண்டுவிடுகிறது. முதலில் கழிப்பறையைக் காட்டிவிட்டு வரவேற்பைச் சற்றுப் பொறுத்து வைத்துக்கொள்ளலாம். இதை அவர்களிடமே சொன்னேன். வீட்டு அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார்.

வயதான பெற்றோருடன் வருபவர்களுக்கும் சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருபவர்களுக்கும் இத்தகைய வீடு மிகப் பொருந்தும். நள்ளிரவில் வந்து போகும் சுதந்திரம் வேண்டுவோர் லாட்ஜைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கும்பகோணத்தில் அறை தேடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் ஓட்டுநர் எங்கே படுப்பார், விடியற்காலையில் வந்தால் குளிக்க இடமுண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 2028 மகாமகத்துக்கு இப்போதே பலர் இந்த வீட்டை விசாரிக்கிறார்களாம். இரண்டு அறைகளுக்கு மேல் ஒருவரையும் ஏற்பதில்லை என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.